தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீரா?

தோட்டக் குளத்தில் கோய் மீன் வளர்க்கும் பலர், அடித்தரை தெரிந்தால் தண்ணீர் சுத்தம் என்று நம்புகிறார்கள். ஆனால் மீன்களின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அம்மோனியா என்ற நஞ்சுக்கு நிறமே கிடையாது. வடிகட்டியில் வளரும் நுண்ணுயிர்கள்தாம் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுக் குளத்தில் அவை பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை வாரம் இருமுறையாவது சோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டுப் பாருங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தென்பட்டால் தீனியைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள்.

அங்கேதான் வினையும் இருக்கிறது! சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமின். பழைய வழக்கப்படி வாளியில் ஒருநாள் வைத்தால் அது போய்விடாது. அதற்கான முறிமருந்தைக் கலந்தே ஊற்றவேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குளத்து நீரிலேயே அலசுங்கள். குழாயடியில் அலசினால் நுண்ணுயிர்கள் மடிந்து, குளம் மறுபடியும் புதுக் குளமாகிவிடும்.