மூத்தோர் வாக்கும் மருந்துச் சீட்டும்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைப்புறங்களில் முதியோர் காத்து நிற்கும் வரிசைகள் இரண்டு உண்டு. ஒன்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்குச் சாவடியின் முன்னே நீளும் வரிசை. மற்றையது, மாதந்தோறும் அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக் வாயிலில் நீளும் வரிசை. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களை அடுத்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மூதாட்டி ஒருத்தியின் கைப்பையில் இரண்டு பொருள்கள் பத்திரமாக இருக்கும். ஒன்று அடையாள அட்டை. மற்றொன்று கிளினிக் கொப்பி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள உறவு யாது? முதுமை எய்திய வாக்காளர் அரசியலைப் பற்றியும் வைத்திய வசதியைப் பற்றியும் எவ்வாறு எண்ணுகின்றனர்? அவ்வெண்ணம் எங்கிருந்து பிறக்கின்றது? இவை ஆராயத்தக்க வினாக்கள்.

முதியோர் எந்த மாற்றத்தையும் வெறுப்பவர். பழகிய பாதையை விட்டு விலக அஞ்சுபவர் என்று கூறுவது உலக வழக்கு. இதற்கு எடுத்துக்காட்டாக ஐக்கிய அமெரிக்காவைச் சுட்டுவர். அங்கே 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தினால், அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கு மெடிகெயார் எனும் மருத்துவக் காப்புறுதி கிடைத்தது. அதன் முதல் அட்டையைப் பெற்றவர் முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன். 1988இல் அத்திட்டத்தை விரிவாக்கிச் செலவின் ஒரு பகுதியை முதியோரிடமே அறவிட முற்பட்டபோது, அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டிலேயே அச்சட்டம் நீக்கப்பட்டது. 2010இல் ஜனாதிபதி ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியபொழுதும், இளையோரைவிட முதியோரிடமே எதிர்ப்பு மிகுந்திருந்தது. காரணம் நுணுகி நோக்கத்தக்கது. அவர்களிடம் ஏற்கெனவே ஓர் உரிமை இருந்தது. புதியோருக்குப் பந்தி விரிக்கும்போது தம் இலை சுருங்கிவிடுமோ என்ற அச்சமே அவர்களுடைய அரசியலாயிற்று.

ஆனால் கண்டி மலைநாட்டுத் தோட்டத்து முதியோரை இந்த அளவுகோலால் அளக்க இயலாது. அமெரிக்க முதியவர் உரிமை கையிலிருந்து நழுவிவிடுமோ என்று அஞ்சுபவர். இவரோ, உரிமை ஒருமுறை நழுவிப்போனதைக் குடும்ப வரலாறாகவே அறிந்தவர்.

இலங்கையில் 1931ஆம் ஆண்டு சர்வஜன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். தோட்டத் தொழிலாளர் அனைவருக்கும் அது கிட்டவில்லை. வதிவிடம் பற்றிய நிபந்தனைகள் பலரை வெளியே நிறுத்தின. ஆயினும் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் நாவலப்பிட்டியின் பிரதிநிதி கே. இராஜலிங்கமும், அலுத்நுவரையின் பிரதிநிதி டி. இராமானுஜமும் கண்டிப் பகுதியினின்றும் தெரிவானவர்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜை அல்லாதாரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்தது. அதே ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்பதென 1974இல் இன்னோர் உடன்பாடு ஏற்பட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் தலைமன்னாருக்குப் புகைவண்டி ஏற, தம்பி தோட்டத்திலேயே நின்றான். நாடற்றவராய் எஞ்சியோருக்கு 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் படிப்படியாகப் பிரஜாவுரிமை வழங்கின.

இவ்வாண்டுகளை ஒரு மனித ஆயுளோடு பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். 1950இல் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்த பெண்ணுக்கு 1968இல் பதினெட்டு வயது. நாட்டின் ஏனைய இளையோர் அவ்வயதில் வாக்களிக்கத் தகுதி பெற்றனர். நாடற்றவளான அவளோ, 1988க்குப் பின்னரே முதன்முதலாக வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியிருக்கக்கூடும். அப்போது அவளுக்கு வயது நாற்பதை நெருங்கியிருக்கும். பிள்ளைகள் கொழுந்து பறிக்கத் தொடங்கியிருப்பர். இத்தகையவருக்கு வாக்கு என்பது பிறப்போடு வந்த பொருளன்று. நடுவயதில் வந்து சேர்ந்த மதிப்பு. உடல் தளர்ந்த பின்னும் மலைச்சரிவில் இறங்கிச் சாவடிக்குச் செல்ல அவர் தயங்காமைக்கு இதுவே காரணம்.

இனி மருந்தின் வரலாற்றைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து, மாத்தளை தாண்டிக் கண்டிக்கு நடந்து வந்த தொழிலாளர் பலரைப் பேதியும் அம்மையும் கொண்டுபோயின. தோட்டத்துரைமார் சங்கம் 1854இல் இக்கண்டியிலேயே உருவாயிற்று. தொழிலாளியின் நலிவு தொழிலின் நலிவு என்பதை அரசாங்கமும் துரைமாரும் மெல்ல உணர்ந்தனர். 1872இல் தொடங்கித் தோட்டங்களுக்கான வைத்தியச் சட்டங்கள் வந்தன. 1912இல் அவை விரிவாகத் திருத்தப்பட்டன. தோட்டத்துக்கு டிஸ்பென்சரி, பெரிய தோட்டத்துக்குச் சிறிய ஆஸ்பத்திரி, பிரசவ அறை, பிள்ளைக் காம்பரா என வசதிகள் பெருகின.

இவை பயனுள்ளவையே. ஆனால் அவற்றின் அடிப்படை யாது? மருந்து இங்கே தொழிலோடு ஒட்டியது. செக்ரோலில் பெயர் உள்ளவனின் உடல் உழைக்க வேண்டும். ஆகவே அது பேணப்பட வேண்டும் என்பதே அதன் நியாயம். பெயர் வெட்டப்பட்டு ஓய்வு பெற்ற கிழவனுக்கு மருந்து மறுக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பல தோட்டங்களில் அவனுக்கும் மருந்து கிடைத்தது. எனினும் அது அவன் கேட்டுப் பெறும் உரிமையாக இருக்கவில்லை. கொடுப்போர் மனம் வைத்தால் கிடைக்கும் உதவியாகவே இருந்தது.

தோட்ட எல்லைக்கு வெளியே வேறொரு நியாயம் வளர்ந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் குடித்தது. வாக்குரிமை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த கிராம மக்களின் துயரத்தை அரசாங்க சபையினர் புறக்கணிக்க முடியவில்லை. மருந்தகங்களும் ஆஸ்பத்திரிகளும் கிராமங்களிற் பெருகின. கண்டியின் பிரதிநிதியாயிருந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வா 1942 முதல் சுகாதார அமைச்சராகக் கடமையாற்றினார். 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் இலவசமாயிற்று. வாக்கு வந்தது, அதன் பின்னே வைத்தியசாலை வந்தது. இதுவே கிராமத்தின் கதை. தோட்டத்திலோ, மற்றவர்க்கு வைத்தியசாலை வந்த அதே காலத்தில் வாக்குப் பறிபோயிற்று. கேட்பதற்குக் குரல் இல்லாதவர் வீட்டு வாயிலுக்கு அரசாங்கத்தின் வண்டி தாமதித்தே வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1972, 1975 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் சுகாதாரப் பணிகளிற் பங்கேற்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கமே படிப்படியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கையும் 1990களில் வலுப்பெற்றது. சில ஏற்கப்பட்டன, பல ஏற்கப்படவில்லை. இதற்கிடையே 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. பெரிய ஆஸ்பத்திரிகள் மத்திய அரசாங்கத்தின் கையில். சிறியவை மாகாணத்தின் கையில். தோட்டத்து டிஸ்பென்சரி கம்பனியின் கையில். மூன்று வீட்டு விருந்தாளி பசியோடு திரும்பினாற்போல, இம்மூன்றுக்கும் இடையில் நோயாளி அலையும் நிலை உண்டாயிற்று.

இச்சீர்திருத்தத்தைப் பற்றித் தோட்டத்து முதியோர் ஒரே கருத்தினர் அல்லர். ஒரு சாரார், அரசாங்கம் ஏற்பதே கௌரவம் என்பர். நாட்டின் பிரஜைக்கு நாட்டின் வைத்தியர் வேண்டும். துரையின் தயவு போதும் என்றிருந்த காலம் கழிந்தது என்பது அவர் வாதம். மற்றொரு சாரார் பழைய டிஸ்பென்சரியை ஏக்கத்தோடு நினைப்பர். நள்ளிரவிற் கதவைத் தட்டினால் எழுந்து வருவதற்கு ஒருவர் இருந்தார். நோய் முற்றினால் தோட்டத்து லொறி இருந்தது. இவையும் போய், அரசாங்க வைத்தியரும் வராவிடின், உள்ளதும் போன கதையாகாதா என்பது அவர் ஐயம். முதல்வர் உரிமையைப் பேசுகின்றார். இரண்டாமவர் தூரத்தைப் பேசுகின்றார். இருவரும் உண்மையையே பேசுகின்றனர்.

தூரம் என்பது மலைநாட்டில் மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. லயத்திலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கும் படிகள், பஸ் வரும் வேளை, மழையிற் சரியும் மண், முழங்கால் வலி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே தூரம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் தேர்ந்த நிபுணர் உளர். ஆயினும் விடியுமுன் புறப்பட்டு, மாலையில் மாத்திரைப் பொட்டலத்துடன் திரும்பும் எழுபது வயதினருக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு யாத்திரை. துணைக்குச் செல்லும் மகளின் ஒருநாட் சம்பளமும் அதிற் போகின்றது. இலவச வைத்தியத்துக்கும் விலை உண்டு என்பதை அக்குடும்பம் அறியும்.

அடுத்தது மொழி. 1987 முதல் தமிழும் அரசகரும மொழியே. ஆயினும் சட்டப் புத்தகத்திலுள்ள மொழி மருந்து கொடுக்கும் சாளரத்துக்கு வந்து சேர வேண்டும். நெஞ்சில் எரிச்சலா, இறுக்கமா, குத்தலா என்பதை வேற்றுமொழியில் விளக்க முடியாது. சிங்களம் பேசப் பழகியவருங்கூட, நோயைத் தாய்மொழியில் உரைக்கவே விரும்புவர். காலையில் ஒன்று, இரவில் அரை என்பதை மாறி விளங்கிக்கொண்டால் மருந்தே நஞ்சாகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி முதியோரின் கணக்கை மேலும் கூர்மையாக்கிற்று. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை வைத்தியசாலையிலேயே முன்குறித்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மருந்து பெற்றவர் கடைச்சீட்டோடு திரும்ப நேர்ந்தது. நாட்டின் கருவூலத்தில் என்ன நிகழ்கின்றது என்பது தம் மாத்திரைப் பொட்டலத்தில் தெரியும் என்பதை அவர்கள் அன்று கண்டுகொண்டனர்.

இவர்களுடைய அரசியல் எண்ணம் இவ்வனுபவத்தினின்றும் பிரிக்க முடியாதது. நெடுங்காலமாக வாக்கு நன்றிக்கடனாகவே செலுத்தப்பட்டது. பிரஜாவுரிமை பெற்றுத் தந்த சங்கத்துக்கு வாக்களிப்பது பலருக்கு மனச்சாட்சியின் கட்டளை. அந்நன்றியை இளையோர் எள்ளி நகையாடுதல் தகாது. நாடற்றிருந்தவருக்கே அதன் எடை தெரியும். ஆயினும் ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி எனும் பழமொழியையும் முதியோர் மறந்தவரல்லர். 2024 நவம்பர் 14ஆம் நாள் பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. கண்டி, நுவரெலியா மாவட்டங்களிலும் முதலிடம் அடைந்தது. பழைய நன்றிக்கடனைக் கொண்டே மலைநாட்டு வாக்கைக் கணக்கிட இனி முடியாது.

சீர்திருத்தம் என்று எதைச் சொல்வது? அது பெரிய கட்டடத்தினால் மட்டும் நிறைவேறுவதன்று. சில வாயில்கள் ஏற்கெனவே திறந்துள்ளன. 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம். 2018இன் திருத்தம், தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபைகள் பணம் செலவிட வழி செய்தது; அம்புலன்ஸ் ஏறும் பாதையைச் செப்பனிடுவதும் வைத்தியப் பணியே. கிளினிக்கை மாதம் ஒருமுறை தோட்டத்துக்கே கொண்டு செல்லுதல், தமிழறிந்த தாதியரையும் குடும்ப நல உத்தியோகத்தரையும் நியமித்தல், தோட்ட டிஸ்பென்சரியை ஏற்குமுன் இரவுக் காவலுக்கு வழி செய்தல் ஆகியன அடுத்த படிகள். டிஸ்பென்சரியை மூடிவிட்டு வைத்தியரைத் தேடுவது முறையன்று. வைத்தியர் வந்த பின்னரே பழைய கதவைச் சாத்த வேண்டும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். அவ்விகிதம் உயர்ந்தே வருகின்றது. ஆகவே முதியோரின் வினா ஒரு சிறு கூட்டத்தின் முறையீடன்று; இன்றைய இளைஞனின் நாளைய வினாவும் அதுவே.

தேர்தற் காலத்தில் மேடையேறுவோர் லயத்து முற்றத்தில் அமர்ந்திருக்கும் மூத்தோரிடம் வாக்கை மட்டும் கேட்டுத் திரும்புவது வழக்கம். கிளினிக் கொப்பியையும் வாங்கிப் பார்ப்பாராயின், கடைசியாக மருந்து கிடைத்த நாளும், கிடைக்காமற்போன நாளும் அதிலே திகதியோடு எழுதப்பட்டிருக்கக் காண்பர். அரசாங்கம் ஒன்று எவ்வாறு நடந்துகொண்டது என்பதற்கு அதைவிட நேர்மையான அறிக்கை வேறில்லை.