ஆஸ்பத்திரியும் ஒரு தொழிற்கூடமே!

(மதுரையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் கூடிய கூட்டத்தில் பேசியது)



சில வருஷங்களுக்கு முன் மேலூர்ப் பக்கத்து விவசாயக் கூலி ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். வார்டிலிருந்த நர்ஸ் எரிந்து விழுந்தார்: "ஓரமா நில்லுங்கய்யா, எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" கூட வந்த வாலிபர் ஒருவர் கையை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே புகுந்து தடுத்தேன். மருந்து ஏறியது, ஆள் பிழைத்தார்.

விடிந்ததும் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வார்டில் 40 நோயாளிகள். இரவு முழுவதும் அவர் ஒருவரே. மாற்று ஆள் வராததால் முந்திய பகல் வேலையும் அவரே பார்த்திருக்கிறார். "பெரிய டாக்டர் எல்லார் முன்னாலயும் என்னை வைதார். நான் ஆயாவை வைதேன். கடைசியில உங்க தலையில விடிஞ்சது" என்றார்.

ஆலையில் நாம் காணாத கதையா இது? மானேஜர் மேஸ்திரியை வைவார். மேஸ்திரி நம்மை வைவார். ஆஸ்பத்திரியில் கடைசிப் படியில் நிற்பவன் நோயாளி. அவன் யார்? நீங்களும் நானும்தான்!

இது தனி மனிதரின் குணக்கேடு மட்டுமா? கணக்கைப் பாருங்கள். போதனா ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. 40 பேருக்கு ஒருவர் என்றால் அன்பு எங்கிருந்து வரும்?

2015ல் தமிழக சர்க்கார் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறாததால், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். பிறகுதான் ஊதியம் 14,000 ஆயிற்று. கொரோனாக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்த 2,000க்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்சுகளின் வேலை 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது.

வேலை நிரந்தரமில்லாதவர் வாய் திறப்பாரா? களைப்பில் மருந்து மாறிவிட்டால், உடனே சொன்னால் நோயாளியைக் காப்பாற்றலாம். சொன்னால் வேலை போகும் என்றால் யார் சொல்வார்? அந்தப் பயத்தின் விலை நம் உயிர், தோழர்களே!

2024 ஆகஸ்ட் 9ந் தேதி கல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் நீண்ட நேர வேலைக்குப்பின் கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்த இளம் பெண் டாக்டர் கற்பழித்துக் கொல்லப்பட்டார். டாக்டர் என்ற பட்டமும் அவரைக் காக்கவில்லை.

தள்ளுவண்டிக்குக் காசு கேட்பதை நான் நியாயப்படுத்தவில்லை. அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் கையை ஓங்காதீர்கள். 2008ம் வருஷச் சட்டப்படி அதற்கு 3 முதல் 10 வருஷம் வரை சிறை, ஆஸ்பத்திரியும் திருந்தாது. எழுதிக் கொடுங்கள்: எந்த வார்டு, எத்தனை மணி, எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று.

போதிய ஆட்கள், நிரந்தர வேலை, ஓய்வறை, 2013ம் வருஷச் சட்டம் சொல்லும் பெண்களுக்கான புகார்க் குழு, தவறை உடனே சொன்னவரைப் பழிவாங்காத விதி ஆகியவற்றை ஆஸ்பத்திரி ஊழியர் கேட்கும்போது, அவர்கள் பக்கத்தில் ஆலையும் வயலும் நிற்கட்டும்!

அவர்கள் நிம்மதியாக வேலை செய்தால்தான் நாம் உயிரோடு வீடு திரும்புவோம்.