புல்லும் சதுப்பும்

மதுரைச் சமவெளியில் வாழ்வோர்க்குக் காடு என்றவுடன் கண்முன் நிற்பது மரக்கூட்டமே. மரம் செறிந்திருப்பின் வளம் என்றும், மரமற்றுக் கிடப்பின் தரிசு என்றும் கொள்வது உலக வழக்காகிவிட்டது. இவ்வழக்கு எல்லா நிலத்துக்கும் பொருந்துவதன்று. மரம் நட்டதனாலேயே வளம் குன்றிய மலைகள் தமிழகத்தில் உள்ளன. அவற்றின் வரலாற்றை அறிதற்கு முக்குருத்தி என்னும் மலைநிலம் தக்க சான்றாகும்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், கேரள எல்லையை ஒட்டி, எவரும் எளிதில் சென்று காணவியலாத சேய்மையில் அமைந்தது முக்குருத்தி தேசியப் பூங்கா. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். 1982இல் வரையாட்டுச் சரணாலயமாகி, 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் ஒன்றாகவும் இடம்பெற்றது. இங்குள்ள முக்குருத்திக் கொடுமுடியைத் தோடர்கள் தெய்வத்தன்மை உடையதாகப் போற்றுவர். இறந்தோர் மறுவுலகு செல்லும் வழி இம்முடியை ஒட்டியது என்பது அவர்தம் நம்பிக்கை.

இந்நிலத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. மலைச்சரிவுகளைப் புல் போர்த்தியிருக்கிறது. மடிப்புகளில் மட்டும், குறுகிய மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைகள் ஒதுங்கி நிற்கின்றன. இவற்றுக்கு இடையே தாழ்ந்த பள்ளங்களில் சதுப்பு நிலங்கள் உள்ளன. பெய்த மழையைப் புல்லின் வேர் பிடித்து மண்ணுள் இறக்குகிறது. சதுப்பு அதனைத் தன் கரிய மட்கில் தேக்கிச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. மழை ஓய்ந்த திங்களிலும் மலையோடை வற்றாதிருப்பதற்கு இவ்வேற்பாடே காரணம். தோடர்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் இத்தகைய சதுப்புகளில் விளைவதே.

வரையாடு வாழ்வதும் இப்புல்வெளியில்தான். சங்கப் பாடல்களில் வருடை என்று வழங்கும் விலங்கு இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. குறிஞ்சி பாடிய புலவர்கள் பாறைச் சரிவில் தாவித் திரியும் வருடையைக் கண்டறிந்து போற்றினர். இன்று அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024இல் எடுத்த கணக்கின்படி தமிழகத்தில் எஞ்சியிருந்தவை 1,031 மட்டுமே. ஒரு பேரூரில் வாழும் மக்களின் எண்ணிக்கைகூட இல்லை.

இத்தகைய நிலத்தை ஆங்கிலேய ஆட்சியினர் எவ்வாறு கண்டனர்? சோலை அவர்க்குக் காடு; புல்வெளியோ பயனற்ற வெற்றிடம். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை மரமும் கொணர்ந்து நட்டனர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் எண்ணம் மாறவில்லை. ஆலைகளின் தேவைக்கெனத் தோட்டங்கள் பெருகின. மெக்சிகோ நாட்டுப் பைன் மரமும் மலைமேல் வரிசை வரிசையாக எழுந்தது. நட்ட மரம் நட்ட இடத்தில் நிற்கவில்லை. காற்றில் விதை பரப்பிப் புல்வெளிக்குள் புகுந்தது. பைன் ஊசியிலைகள் உதிர்ந்து மெத்தையெனப் படிந்த நிலத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் வரையாட்டுக்கு வாழ்வில்லை.

நீரின் கதையும் இதுவே. உதகையில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையத்தார், புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் தைல மரம் நட்டு ஓடைநீரை ஆண்டுதோறும் அளந்தனர். முதல் பத்தாண்டுகளில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. புல் குடித்ததினும் மரம் மிகுதியாகக் குடித்தது என்பதே இதன் பொருள்.

மலைப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் உண்டானது என்று வாதிடுவோரும் இருந்தனர். நீலகிரிச் சதுப்புகளின் மட்கை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குப் புல் இருந்தமை தெரியவந்தது. உழவும் கோடரியும் மலையேறுவதற்கு நெடுங்காலம் முற்பட்டது அப்புல்.

இவையெல்லாம் எங்கோ வடமேற்கே நிகழ்ந்தவை, அவனியாபுரத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு எனலாம். நீலகிரியில் நிகழ்ந்ததே பழனி மலையிலும் நிகழ்ந்தது. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊரே. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் அங்கிருந்த சதுப்பு நிலத்தில் கரை கட்டி எழுப்பியதே இன்றைய ஏரி. பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் இயற்கைக் காடன்று. நட்டு வளர்த்த தோட்டமே. அம்மலையில் பிறக்கும் மஞ்சளாறும் வராகநதியும் மருதாநதியும் வையையில் வந்து கலப்பன. பரிபாடல் பாடிய வையை, மலைப்புல்லின் வேரில் தொடங்குகிறது எனின் அது மிகையன்று.

இனிச் சமவெளிக்கு வருவோம். மலைக்குச் சதுப்பு எதுவோ, மதுரைக்குக் கண்மாய் அது. மழைநீரைத் தேக்கி, நிலத்தடிக்கு இறக்கி, கோடையில் கிணற்றைக் காப்பது கண்மாயே. வருவாய்த் துறையின் ஏடுகளில் அதற்குரிய பெயர் நீர்நிலைப் புறம்போக்கு. தீர்வைக்குப் புறம்பானது என்பதே அச்சொல்லின் பொருள். மக்கள் நாவிலோ அது எவர்க்கும் பயன்படாத நிலம் என்று பொருள் திரிந்தது. பொருள் திரிந்தபின் கரை உடைந்தது, குப்பை வந்தது, கட்டடமும் எழுந்தது. தல்லாகுளம் என்னும் பெயரில் குளம் உண்டு. ஊரில் அக்குளம் இல்லை. அவனியாபுரத்தைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்கும் அந்நிலை வாராதிருத்தல் வேண்டும்.

தமிழ்மொழியும் புல்லை இழிவாகப் பேசியதுண்டு. அற்ப அறிவைப் புல்லறிவு என்றும், கீழோரைப் புல்லர் என்றும் சொன்னோம். ஆயினும் வான்சிறப்பில் மழையின் அருமைக்குச் சான்று தேடிய வள்ளுவர், மாமரத்தையோ ஆலமரத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை. புல்லின் தலையைத்தான் எடுத்துக்கொண்டார்.

பிழையைத் திருத்தும் முயற்சியும் தொடங்கியுள்ளது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்கும் கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. எனினும் வெட்டினால் மட்டும் மலை மீளாது. சீகையின் விதை மண்ணில் நெடுங்காலம் காத்திருந்து மீண்டும் முளைக்கும்; சில இடங்களில் அயல்மர நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலையெடுப்பதும் உண்டு. இடமறிந்து, பொறுமையோடு செய்ய வேண்டிய பணி இது. நடுவதற்கு ஒரு நாள் போதும். மீட்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தார்க்கு இதில் ஒரு கடமை உண்டு. சொல்லைக் காப்பது இலக்கியவாதியின் தொழில். தரிசு என்றும் புறம்போக்கு என்றும் ஒரு நிலத்துக்குப் பெயர் சூட்டப்படும்போது, அங்கு முளைப்பது யாது, தேங்குவது யாது என்று கேட்டல் வேண்டும். தை முதல் நாளில் இவ்வூர் வாடிவாசலில் சீறிவரும் காளையும் கோடையில் கண்மாய்ப் புல்லை மேய்ந்து வளர்ந்ததே.