புதிய ஊரில் முதல் நாட்கள்

ஓர் ஊருக்குப் புதிதாக வந்து சேரும் ஒருவர் முதல் மூன்று நான்கு நாட்களிற் காண்பவை, அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர் ஆயுள் முழுவதும் கவனியாதவையாக இருத்தல் கூடும். வேலிக் கதியால்களில் விரித்து உலர்த்திய சேலை, ஒழுங்கை முனையிலுள்ள சிறிய வைரவர் சூலம், கோடைப் பகலில் ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும் பனையோலை ஆகியன பழகிய கண்ணுக்கும் செவிக்கும் எட்டுவதில்லை. புதியவருக்கோ அவை யாவும் காட்சிகளாம், ஓசைகளாம். ஆயினும் காண்பது வேறு, அறிவது வேறு. முதல் நாட்களின் பார்வை மிகவும் கூரியது; முதல் நாட்களின் தீர்ப்போ பெரும்பாலும் பிழையானது. இவ்விரண்டுக்கும் இடையே புதியவர் எவ்வாறு நடந்துகொள்ளுதல் தகும் என்பதற்கு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திற்குத் தனியராய் வந்த ஓர் இளைஞரின் வரலாறு நல்லதொரு பாடமாக அமைகின்றது.

அவ்விளைஞரின் பெயர் லெனாட் வுல்ஃப். பிற்காலத்தில் ஆங்கில நாவலாசிரியை வேர்ஜீனியா வுல்ஃபின் கணவராகவும், நூல் வெளியீட்டாளராகவும், அரசியற் சிந்தனையாளராகவும் உலகறிந்தவர் அவரே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கற்று முடித்து, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து, 1904ஆம் ஆண்டு டிசம்பரிற் கொழும்பில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. உடன் வந்த உறவினர் எவருமிலர். ஒரு நாயும், பிரெஞ்சு அறிஞர் வோல்டேரின் நூல்கள் தொண்ணூறு அடங்கிய பெரிய மரப்பெட்டியுமே அவர் கொண்டுவந்த துணைகள். தாம் போகும் ஊரில் வாழும் மக்களைப் பற்றியோ அவர்கள் பேசும் மொழியைப் பற்றியோ அவர் அறிந்தது மிகச் சொற்பமே.

1905 ஜனவரி மாதத் தொடக்கத்தில் அவர் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். வடபகுதிப் புகையிரதப் பாதை அப்பொழுது முழுமை பெறவில்லை. தெற்கிலிருந்து அனுராதபுரம் வரையிலும் புகையிரதம் ஓடியது. வடக்கே குடாநாட்டுப் பகுதியிலும் ஓடியது. இடையே வன்னிக் காடு. அக்காட்டைக் கடப்பதற்குத் தபால் வண்டி ஒன்று இருந்தது. தபால் வண்டி என்பது பெயரளவிலே. உண்மையில் அது கூடாரமிட்ட மாட்டு வண்டிதான். தபாற் பைகளை வண்டியின் தளத்திற் பரப்பி, அப்பைகளின் மேற் பிரயாணிகள் படுத்துக்கொள்வர். அவ்வாறு காட்டைக் கடந்து, ஆனையிறவின் பரவைக் கடலையும் பரந்த வானத்தையும் கண்டு, மீண்டும் புகையிரதம் ஏறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார் வுல்ஃப். அந்தப் பயணத்தை அவர் ஐம்பத்தாறு ஆண்டுகளின் பின், 1961இல் வெளிவந்த தமது சுயசரிதையின் இரண்டாம் பாகத்தில் விரிவாக எழுதியிருக்கின்றார். முதல் நாட்களின் பார்வை எத்துணைக் கூரியது என்பதற்கு அதுவே சான்று.

வந்த பின்னர் அவர் தங்கிய இடம் எது? யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளத்தின் மீது அமைந்த ஒரு பங்களா. அக்கோட்டை போர்த்துக்கேயரால் அமைக்கப்பெற்று, 1658இல் ஒல்லாந்தர் கைப்பட்டு, அவர்களால் ஐங்கோண வடிவிற் புதுக்கப்பெற்று, 1795இல் ஆங்கிலேயர் வசமானது என்பதை நேயர்கள் அறிவர். கொத்தளத்தின் மேலிருந்து நோக்கினாற் கடலும் தெரியும், நகரமும் தெரியும். பகலிற் கச்சேரியில் உத்தியோகம்; மாலையில் ஆங்கில உத்தியோகத்தரோடு டென்னிஸ் ஆட்டம்; ஆட்டம் முடிந்ததும் அவர்களோடு உரையாடல். பத்துப் பன்னிரண்டு வெள்ளை உத்தியோகத்தரைக் கொண்ட அச்சிறு வட்டமே அவருக்கு உலகமாயிற்று. நகரத்துச் சந்தை கோட்டை வாயிலிலிருந்து நடந்து போகும் தூரந்தான். ஆயினும் அந்தச் சிறு தூரத்தைக் கடப்பது, கப்பலேறி இலங்கைக்கு வருவதினும் அரிதாக இருந்தது. கோட்டை மதிலின் பருமனால் வந்த அருமை அன்று அது. அதிகாரத்தின் உயரத்தால் வந்தது.

இங்கே ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் பொருத்தமாகும். வுல்ஃப் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய காலத்தில், ஒருநாள் மேலதிகாரி ஒருவருடன் பிரதான வீதியிற் குதிரைமேற் சென்றுகொண்டிருந்தார். வீதியோரத்து வீடொன்றின் விறாந்தை அரசாங்கத்துக்குரிய நிலத்தின் மேல் நீண்டிருப்பதைத் தம் கையிலிருந்த சவுக்கினாற் சுட்டிக்காட்டினார். அச்சமயம் அவ்வழியே சென்ற வழக்கறிஞர் ஒருவர், அச்சவுக்கு வேண்டுமென்றே தம் முகத்தின் மேல் வீசப்பட்டதெனக் கருதினார். யாழ்ப்பாணத்துச் சங்கமொன்று மேலிடத்திற்கு முறைப்பாடு செய்தது. வுல்ஃபிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் அடிக்கவில்லை, அடிக்க எண்ணியதுமில்லை.

வழக்கு அவ்வளவில் முடிந்திருக்கலாம். ஆனால், பல்லாண்டுகள் கழித்து அதனை எண்ணிப் பார்த்த வுல்ஃப் எழுதியதுதான் நமது கவனத்திற்குரியது. அந்த முறைப்பாட்டினாலேயே தமது மனத்தில் முதன்முதலாக ஓர் ஐயம் தோன்றியதாக அவர் கூறுகின்றார். சவுக்கடி நிகழவில்லை என்பது மெய்யே. ஆயின் பிறருடைய ஊரின் நடுவீதியில், குதிரைமேல் இறுமாப்போடு வீற்றிருந்ததே அவ்வூரார் முகத்தில் அறைந்தது போன்றதன்றோ என அவர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். அவ்வினாவே அவரை மெல்ல மெல்ல ஏகாதிபத்தியத்தின் எதிரியாக்கிற்று எனலாம். யாழ்ப்பாணத்திலிருந்து 1907இற் கண்டிக்கும், 1908இல் அம்பாந்தோட்டைக்கும் மாற்றலாகிச் சென்ற அவர், 1912இற் சிவில் சேவையைத் துறந்தார். அடுத்த ஆண்டில், இலங்கையின் காட்டுக் கிராமம் ஒன்றின் ஏழை மக்களை நடுநாயகமாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் வெளிவந்தது. குதிரையில் இருந்தவர் ஒருவாறு மண்ணில் இறங்கிய கதை இது.

இறங்குதற்கு அவருக்கு ஆண்டுகள் பல சென்றன. இக்காலத்துப் பிரயாணிக்கோ அத்துணை நேரமில்லை. மூன்று நாள், நான்கு நாள், மிஞ்சினால் ஒரு வாரம். 1990இல் அறுபட்ட வடபகுதிப் புகையிரதப் பாதை 2014ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வரை மீண்டும் திறக்கப்பட்டது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமிருந்து முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு தனியே வந்திறங்கும் இளைஞரும் யுவதிகளும் இன்று இந்நகருக்குப் புதியவரல்லர். வுல்ஃபிடம் இல்லாத பேறு ஒன்று இவர்களிடம் உண்டு. இவர்களுக்கு ஊரின்மேல் அதிகாரம் எதுவுமில்லை. வழி தெரியாவிட்டாற் பிறரைக் கேட்டேயாக வேண்டும். பசித்தாற் கடை தேடியேயாக வேண்டும். தனிமையும் அறியாமையுமே இவர்களை ஊராரின் உயரத்துக்கு இறக்கிவிடுகின்றன.

ஆகவே முதல் நாளை நடைக்கென ஒதுக்குதல் நன்று. புகையிரத நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வீதி வழியாக மேற்கே நடந்தால், நகரின் நடுப்பகுதி வந்துவிடும். சந்தையிற் பனங்கட்டியும் ஒடியலும் புழுக்கொடியலும் குவிந்து கிடக்கும். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையின் கீழே தேங்கிய நீரைக் கிணறுகளில் இறைத்தே மக்கள் காய்கறியும் வெங்காயமும் புகையிலையும் விளைவித்தனர் என்பது தெரிந்தால், அச்சந்தையின் ஒவ்வொரு கூடையும் புதியவருக்குப் பெருமதிப்புடையதாகத் தோன்றும். நிலத்தின் கீழுள்ள நீரையும் நிலத்தின் மேலுள்ள பனையையும் அறியாதவர் யாழ்ப்பாணத்தை அறிந்தவராகார்.

இரண்டாம் நாளிற் துவிச்சக்கர வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இச்சமதரையில் அதைவிடச் சிறந்த வாகனம் வேறில்லை. நல்லூருக்குச் சென்று, மேற்சட்டையைக் களைந்து, ஆடவர் பிறரோடு ஒருவராக உள்ளே போகலாம். பின்னர் பெருவீதியை விட்டு ஒழுங்கைகளுட் புகுந்தால், படலையருகே நிற்கும் முதியவர் ஒருவர், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்கக்கூடும். மேனாட்டிலிருந்து வந்தவர் இதனைத் தன் சொந்த விஷயத்தில் தலையிடும் கேள்வியென எண்ணிச் சினத்தல் ஆகாது. யாழ்ப்பாணத்தில் ஊர் என்பது ஒருவரது முகவரி மட்டுமன்று; அவருடைய வேரும் ஆகும். ஊரைக் கேட்பவர், பேச்சுக்கு ஒரு பாய் விரிக்கின்றார் என்பதே பொருள். அதற்கு விடை கூறிவிட்டு, "ஐயா, நீங்கள் எந்த ஊர்?" என்று திருப்பிக் கேட்கும் அளவு தமிழ் கற்றிருந்தாற் போதும், வேறு அறிமுகம் வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் தீவுப் பகுதிக்குரியது. பண்ணைப் பாலத்தைக் கடந்து குறிகாட்டுவான் துறைக்குப் பஸ் வண்டியிற் சென்றால், அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் உள்ளன. அம்மனை வணங்கச் செல்லும் தமிழரும், விகாரைக்குச் செல்லும் சிங்களரும், மரக்கறிக் கூடையோடு வீடு திரும்பும் தீவகத்தாரும் ஒரே படகில் நெருங்கி அமர்ந்திருப்பர். படகிற் குதிரைக்கு இடமில்லை. அங்கே எல்லாரும் ஒரே உயரத்தில் இருப்பவரே.

இனி, ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டியுள்ளது. யாழ்ப்பாணம் நீண்ட போரிற் காயம்பட்ட ஊர். வுல்ஃப் வாழ்ந்த கோட்டையின் மதில்கள் நிற்கின்றன. ஆயின் உள்ளே 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் அழிந்தது. கோட்டைக்கு அண்மையிலுள்ள பொது நூலகம் 1959இல் திறக்கப்பெற்று, 1981 மே 31ஆம் நாள் இரவில் தீக்கிரையாகி, ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களை இழந்து, மீண்டும் கட்டப்பெற்று, 2003ஆம் ஆண்டளவில் வாசகர்களை வரவேற்றது. இவற்றைக் காணப் புதியவர் விரும்புதல் இயல்பே. ஆயினும் கூரையிழந்து நிற்கும் வீடொன்றைக் கண்டதும் புகைப்படக் கருவியை நீட்டுபவர், அவ்வீட்டின் முற்றத்தில் ஒரு குழந்தை தவழ்ந்ததென்பதையும், அக்குழந்தை இன்று உலகின் எம்மூலையிலோ வாழக்கூடும் என்பதையும் ஒரு கணம் எண்ணுதல் வேண்டும். அடிக்க எண்ணாதவர் கையிலிருந்த சவுக்கும் முகத்திற் பட்டது போலத் தோன்றக்கூடும் என்றால், தீமை எண்ணாதவர் கையிலிருக்கும் கருவியும் அவ்வாறே தோன்றாதோ? கேட்டுவிட்டு எடுக்கும் படத்துக்கும் கேளாமல் எடுக்கும் படத்துக்கும் இடையே, தரையில் நிற்பவருக்கும் குதிரைமேல் இருப்பவருக்கும் உள்ள தூரம் உண்டு.

கைத்தொலைபேசி இக்காலத்துப் புதுக் கோட்டை மதில் என்பதையும் சொல்லத் தகும். வழியை அதுவே காட்டுகின்றது. உணவை அதுவே தேர்ந்து தருகின்றது. முன் வந்தோர் கூறிய தீர்ப்புகளையும் அதுவே அடுக்கி வைக்கின்றது. அதனை முற்றாகத் துறத்தல் தனியே செல்பவருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, அறிவுடைமை ஆகாது. ஆயினும் வழியறிய ஒரு முறையேனும் மனிதரைக் கேட்டல் நன்று. வழி பிழைத்தாலும் ஒரு மனிதரின் பழக்கம் மிஞ்சும்.

ஊராருக்கும் இதில் ஒரு பங்குண்டு. வந்தவருக்குக் கோயிலையும் கோட்டையையும் சுட்டிக்காட்டி அனுப்பிவிடுதல் எளிது. கிணற்றடியையும், பனந்தோப்பையும், பள்ளிக்கூடத்தையும், கூழ் காய்ச்சும் அடுப்பையும் காட்டுவதற்குச் சிறிது பொழுது வேண்டும். அந்தப் பொழுதை அன்று யாழ்ப்பாணத்தார் வுல்ஃபுக்கு அளிக்க இயலவில்லை. அவர் உத்தியோகம் அதற்கு இடந்தரவில்லை. இன்று வரும் வழிப்போக்கர் ஆட்சி செய்ய வருபவரல்லர்; காண வருபவர். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, அமரச் சொல்லி, ஊர்ப் பெயரைக் கேட்டு, தம் ஊரின் கதையைத் தாமே சொல்லுதல் ஊராரின் உரிமை, கடமையும் ஆகும். சொல்லாவிடின், அக்கதையைப் பிறர் சொல்வர். அதுவும் உயரத்திலிருந்து சொல்வர்.

நான்கு நாளில் ஓர் ஊரை அறிந்துவிட்டதாக எவரும் கூறுதல் இயலாது. ஆனால், அறியத் தொடங்குவதற்கு நான்கு நாள் போதும். எந்த உயரத்தில் நின்று தொடங்குகின்றோம் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது.