பார்ட்டி வந்திருக்கு, வீட்டைக் காட்டுங்க



எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நெட்டுக்குப்பம். மீனவர் ஊர். ஆலைகளும் துறைமுகமும் சூழ்ந்த பகுதி என்பதால், வேலைக்காக வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இங்கே உண்டு. பகல் பதினொரு மணி என்பது இந்தப் பக்கம் பல வீடுகளில் நடுராத்திரி மாதிரி. விடியலில் கரை திரும்பியவரும், நைட் ஷிப்ட் முடித்து வந்தவரும் அசந்து தூங்கும் நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் புரோக்கர் கதவைத் தட்டுவார்.

"பார்ட்டி வந்திருக்கு, வீட்டைக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் பின்னால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி நாலு பேர். பாயில் படுத்திருந்தவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்க வேண்டும். வந்தவர்கள் சமையல் மேடையைத் தட்டிப் பார்ப்பார்கள், பாத்ரூம் கதவைத் திறப்பார்கள். ஒருவர் போனை எடுத்து, கொடியில் காயும் துணிமணியோடு சேர்த்து அறையைப் படம் பிடிப்பார். பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் எத்தனை வாட்ஸ்அப் குழுவைச் சுற்றி வருமோ!

ஹவுஸ் ஓனரைக் கேட்டால், "என் வீடு, நான் விக்கிறேன்" என்பார். விற்பது அவர் உரிமைதான். அதற்கு வாடகைக்காரரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் பத்திரம் அவர் பெயரில் இருந்தாலும், சாவியைக் கொடுத்து வாடகை வாங்கத் தொடங்கிய பிறகு வீடு இருப்பது குடியிருப்பவரின் அனுபோகத்தில். அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கும் சட்டம்கூட, இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. யார் வசம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் காப்பது அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய தீர்ப்புதான். ஆனால் அது முக்கியமாக அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னது. ஹவுஸ் ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவே நிற்பது அதே ஆண்டு தமிழ்நாட்டில் இயற்றிய புது வாடகைச் சட்டம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை ஓரம் கட்டிவிட்டு, 2019 பிப்ரவரியில் இது நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குள் வருவதென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், எதற்காக, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அதில் சொல்ல வேண்டும் என்கிறது இந்தச் சட்டம்.

எதற்கெல்லாம் வரலாம்? பழுது பார்க்க வரலாம். வீடு குடியிருக்கிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வரலாம். மூன்றாவதாக, வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற நியாயமான வேறு காரணத்துக்காக வரலாம். வாங்க வருகிறவருக்கு வீட்டைக் காட்டுவது முதல் இரண்டிலும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. நம்மவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் அட்வான்ஸ், வாடகை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுவரை எழுதுவார்கள்; இந்த ஒரு வரியை எழுதமாட்டார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஸ்கார்பரோ இருக்கும் இடத்தில், இதைச் சட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். வாங்குபவருக்கு வீட்டைக் காட்டலாம். ஆனால் 24 மணி நேர எழுத்து அறிவிப்பு வேண்டும். காலை எட்டிலிருந்து இரவு எட்டுக்குள்தான் வரலாம். நமக்கும் அப்படி ஒரு வரி இருந்தால், ஓனருக்கும் தலைவலி குறையும்.

இன்னொரு சிக்கல், பல குடித்தனங்களில் ஒப்பந்தமே கிடையாது. பேச்சுதான், நம்பிக்கைதான். புதுச் சட்டமோ, எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. அதனால், "என் உரிமை" என்று குரலை உயர்த்துவதற்கு முன்னால், கையில் காகிதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதம் இருக்கிறவர்களுக்கு ஒரு தெம்பான செய்தி. வீடு கைமாறினால் குடித்தனம் தானாக முடிந்துபோகாது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, வாங்கியவர் பழைய ஓனரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். "வித்தாச்சு, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு" என்பது சட்டம் இல்லை. குடியிருப்பவரே காலி செய்வதாக எழுதிக் கொடுத்து, அதை நம்பி ஓனர் விற்பனை பேசிவிட்டால்தான் அது அவரைக் கட்டும். ஆகவே புரோக்கர் நீட்டும் வெள்ளைத்தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் அது வேறு கதை. வழிக்குக் கொண்டுவருகிறேன் என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர்.

சட்டம் பேசாமலே முடிகிற வழியும் இருக்கிறது. ஓனருக்குக் குடித்தனக்காரரின் தயவு நன்றாகவே தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர், ஓனரை விட்டுவிட்டுக் குடியிருப்பவரிடம்தான் கேட்பார்: "தண்ணி உள்ள ஏறிச்சாங்க?" அந்தப் பதிலில் லட்சக்கணக்கில் விலை ஏறும், இறங்கும். இது தெரிந்த ஓனர், கதவைத் தட்டுவதற்கு முன்னால் போன் செய்வார்.

அப்படிப் போன் வரும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இந்த ஒரு நாள், இந்த இரண்டு மணி நேரம். ஓனரோ அவர் வீட்டு ஆளோ கூட வர வேண்டும். பீரோவைத் திறக்கக் கூடாது. படம் வேண்டுமென்றால் முன்னாலேயே சொன்னால் பொருளை ஒதுக்கி வைக்கிறோம், பிள்ளைகள் படத்தில் வரக் கூடாது. பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள். நாளைக்கு "நான் சொல்லவே இல்லை" என்று வராது.

கிரயம் முடிகிற வாரத்தில் அட்வான்ஸை மறந்துவிடாதீர்கள். பழையவர் "புது ஓனர்கிட்ட கொடுத்துட்டேன்" என்பார், புதியவர் "எனக்கு வரவே இல்லை" என்பார். எவ்வளவு தொகை, யார் கையில் இருக்கிறது என்று எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு புது ஓனரிடம் வாடகையைக் கொடுங்கள்.