ரோமன் ரோலன் வீதியின் ஊசிகள்



புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவர், அதன்மேல் படர்ந்த காகிதப்பூ, முன்னால் தாங்கள் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். நாம் அந்தச் சுவர்களில் ஒன்றுக்கு உள்ளே போவோம்.

பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே வாருங்கள். வாய்க்காலுக்கு மேற்கே மளிகைக் கடை, பூக்கடை, ஹார்ன் சத்தம். கிழக்கே வந்ததும் சத்தம் சட்டென்று குறையும், கடல் காற்று முகத்தில் படும். இதைத்தான் வெள்ளை நகரம் என்கிறார்கள். பழமையான ஊர் போலத் தெரிந்தாலும் இங்குள்ள வீடுகளில் 1761க்கு முந்தியது அபூர்வம். அந்த ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள், பிறகு கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். நாட்குறிப்பு எழுதிய நம் ஆனந்தரங்கப் பிள்ளை அதே மாதத்தில்தான் கண்மூடினார்.

அந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரைக் காத்து நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் தகப்பனார் அயர்லாந்துக்காரர். முற்றுகை போட்ட ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிறந்ததே அயர்லாந்தில். எங்கோ தொலைவில் கிடக்கும் ஒரு தீவின் பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு கொடியைப் பிடித்துக்கொண்டு மோதினார்கள், தரைமட்டமானது நம் ஊர். தோற்றுப்போன லாலியின் தலையை 1766இல் பாரீசில் பிரெஞ்சுக்காரர்களே வெட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் வெள்ளைக்காரன் இங்கே வந்தது துணிக்காக. புதுச்சேரி நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது; அங்கே கருவேலம் பிசின் வாங்க அந்தத் துணியே பணமாகப் புழங்கியது. பிறகு பஞ்சாலைகள் வந்தன. 1936 ஜூலை 30இல் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். எட்டு மணி நேர வேலை இந்த ஊருக்கு வந்தது அந்தப் போராட்டத்தால்தான். அந்தப் பெரிய ஆலைகளில் இன்று சங்கு ஊதுவதில்லை. துணியை வைத்து நடக்கும் பழைய வேலைகளில் இன்னும் மூச்சு விடுவது கை ஊசிதான். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

கப்ஸ் கோயில் என்கிற தேவாலயம் எங்கே என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ரோமன் ரோலன் வீதியில், குளூனி எம்பிராய்டரி சென்டர் இருக்கிறது. புனித சூசையப்பர் குளூனி சபைக் கன்னியர்கள் புதுச்சேரிக்கு வந்தது 1827இல். ஆதரவில்லாத பெண்களுக்குக் கைத்தொழில் என்று தொடங்கிய வேலை இது, இன்னும் நடக்கிறது. கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வீடு. உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள். பூத்தையலுக்கு அந்த ஜன்னல்தான் முதலீடு. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் போடும்போது டியூப்லைட் வெளிச்சம் ஏமாற்றிவிடும்.

வேலை எப்படி நடக்கும் தெரியுமா? பட்டர் பேப்பரில் பூவை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் வரிசையாகக் குத்தித் துளை போடுவார்கள். தாளைத் துணிமேல் வைத்து, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் ஒற்றினால் துளை வழியே இறங்கிப் புள்ளிப் புள்ளியாகப் பூ விழும். மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், புள்ளி நிற்கும். பிறகு வளையத்தில் துணியை இறுக்கி, ஆறு இழை நூலைப் பிரித்து ஓர் இழை, இரண்டு இழை என்று கோத்து, காம்புக்குக் காம்புத் தையல், இதழுக்கு நிரப்புத் தையல். கைக்குட்டையின் ஒரு மூலைப் பூவுக்கே பொறுமை வேண்டும். மேஜை விரிப்பு என்றால் பலர் கைமாறிப் பல நாள் ஆகும். விலை கூடுதல் என்று முகம் சுளிப்பவர்கள் துணியை ஒரு தடவை திருப்பிப் பார்க்கட்டும். நல்ல கைவேலைக்குப் பின்பக்கம்தான் சாட்சி. முடிச்சும் தொங்கும் நூலும் அங்கே இருக்கக் கூடாது.

அயர்லாந்தைச் சும்மா இழுக்கவில்லை. 1840களில் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது யால் என்ற துறைமுக ஊரின் மடத்தில் மேரி ஆன் ஸ்மித் என்ற கன்னியர் பழைய இத்தாலிய லேஸ் ஒன்றை இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, அது பின்னப்பட்ட விதத்தைக் கண்டுபிடித்து, ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் பக்கம் இடையன்குடியில் லேஸ் பின்னலைத் தொடங்கி வைத்தவர் எலைசா கால்டுவெல். அவருடைய கணவர், நாம் எல்லோரும் அறிந்த ராபர்ட் கால்டுவெல், அயர்லாந்தில் பிறந்தவர்.

ஆனால் அயர்லாந்துப் பெண்கள் பிழைப்போடு நின்றுவிடவில்லை. 1902இல் டப்ளினுக்கு அருகே டண்ட்ரம் என்ற இடத்தில் ஈவ்லின் கிளீசன் என்ற பெண்மணி, கவிஞர் யேட்சின் சகோதரிகள் லில்லி, எலிசபெத் இருவரோடும் சேர்ந்து டன் எமர் என்று ஒரு தொழிற்கூடம் திறந்தார். எமர் அவர்களுடைய பழங்கதையில் வரும் மாவீரன் கூஹூலனின் மனைவி, தையலில் கைதேர்ந்தவள். கிராமத்துப் பெண்கள் அங்கே பூத்தையலும் கம்பள நெசவும் அச்சுக் கோப்பதும் பழகினார்கள். லாக்ரே ஊர் தேவாலயத்துக்காகத் தங்கள் நாட்டுப் புனிதர்களின் உருவங்களைக் கொடிகளில் தைத்தார்கள். இது நடந்தது ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில். அண்மைக் காலத்திலும் நியூ ராஸ் என்ற சிற்றூரில் 1998இல் தொடங்கி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உள்ளூர்க்காரர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, தங்கள் ஊரின் பழங்காலத்தை 15 பெரிய திரைகளாகத் தைத்திருக்கிறார்கள்.

இந்த அயர்லாந்து மறுமலர்ச்சி புதுச்சேரிக்கும் வந்தது, ஆனால் ஊசி வழியாக வரவில்லை. யேட்ஸ் வட்டத்தைச் சேர்ந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் 1915இல் அன்னி பெசன்ட் அழைத்து இந்தியா வந்தார். கசின்ஸின் விமர்சன நூலைப் படித்துவிட்டுத்தான், இதே வெள்ளை நகரத்தில் இருந்தபடி, அரவிந்தர் 1917 டிசம்பர் முதல் 'ஆர்யா' இதழில் வருங்காலக் கவிதை பற்றிய தொடரை எழுதினார். அப்போது வாய்க்காலுக்கு மேற்கே ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி இருந்தார். அவர் குருவாகக் கொண்ட நிவேதிதையும் அயர்லாந்தில் பிறந்தவர். இவ்வளவு தொடர்பு இருந்தும் ஒரு கேள்வி மட்டும் இந்த ஊரில் எழவில்லை: நம் கதையை யார் தைப்பது?

கதைக்கா பஞ்சம்? ஊருக்குத் தெற்கே வீராம்பட்டினம் போங்கள். மீனவர் வீரராகவரின் வலையில் மீன் விழாமல் ஒரு மரக்கட்டை விழுந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுப்புக்கென்று மனைவி கோடாலியைப் போட, கட்டையிலிருந்து ரத்தம் பீறிட்டது. பிறகு கனவில் வந்து தனக்குக் கோயில் கட்டச் சொன்னவள்தான் செங்கழுநீர் அம்மன். ஆடி ஐந்தாம் வெள்ளியில் தேர். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்தது வழக்கம், இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அந்த வலை, கட்டை, கோடாலி, கடல் எல்லாம் தைக்கவென்றே அமைந்த காட்சிகள். தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த யாளியும் பூவும் காற்றில் ஆடும். துணியில் கதை சொல்வது நமக்குப் புதிதா என்ன?

ரோமன் ரோலன் வீதியின் ஊசிகள் இத்தனை காலமும் பெரும்பாலும் அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குத்தான் பூப்போட்டன. குறை அந்தப் பெண்களிடம் இல்லை. கேட்டதைத்தான் அவர்கள் தைக்க முடியும். லாக்ரே தேவாலயம் கேட்டது, டன் எமர் பெண்கள் தைத்தார்கள். இங்கே கேட்க வேண்டியவர்கள் கோயில் நிர்வாகிகள், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள், திருமண மண்டபக்காரர்கள், அரசின் கைவினைத் துறை. சுவரில் மாட்ட எங்கிருந்தோ பிளாஸ்டிக் பதாகை வாங்குகிற காசில் ஒரு பங்கை ஒதுக்கினாலே போதும், வீராம்பட்டினத்து அம்மன் கதையில் ஒரு காட்சி துணிக்கு வந்துவிடும்.

நேயர்களே, புதுச்சேரி வரும்போது ஒரு கைக்குட்டையாவது பேரம் பேசாமல் வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லி, இதைத் தைத்துத் தருவீர்களா என்று கேளுங்கள்.