தையல் போடாத காயம்



2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மில்லர்புரத்தில் யாரைக் கேட்டாலும் அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. இத்தனைக்கும் அது புயல்கூட இல்லை, குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சிதான். அடிபட்டால் ஓடிப்போய் நிற்கிற தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, கீழ்த்தளத்தில் இருந்த நோயாளிகளை மேலே ஏற்ற வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியே அடிவாங்கிய இன்னொரு ஊர் அமெரிக்காவின் ஜோப்ளின். 2011 மே 22 அன்று அங்கே டொர்னாடோ அடித்தது. கண்ணெதிரே தூணாக எழும்பி வீட்டைப் பிய்த்தெறியும் சுழல்காற்று அது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை நேராக அதன் பாதையில் இருந்தது. 180-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றரை மணி நேரத்துக்குள் வெளியே கொண்டுவந்தார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிந்தைய நாட்கள். பறந்து வந்த மரச்சிராயும் சரளையும் மண்ணைச் சதைக்குள் ஆழமாகத் தள்ளியிருந்தன. சில நாளில் சிலருடைய காயத்தைச் சுற்றிச் சதை அழுக ஆரம்பித்தது. பூஞ்சைத் தொற்று. 2021-இல் கொரோனாவோடு நாம் கேள்விப்பட்டோமே கருப்புப் பூஞ்சை, அந்த வகைதான். 13 பேருக்கு வந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அந்தப் பூஞ்சையின் நெருங்கிய உறவு ஒன்றை 1979-இல் முதன்முதலில் விவரித்தவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்கள். கிடைத்த இடம் வட இந்தியாவில் ஒரு மாந்தோப்பு மண். ஆகவே அது அமெரிக்கா சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்காகப் பயப்படவும் வேண்டாம், அரிதாக வருவதுதான்.

நம் பக்கம் அன்றாடம் பார்ப்பது வேறு. வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவ இறங்குகிறோம். சேற்றுக்குள் தகரம், ஆணி, உடைந்த ஓடு. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் குதிகால் ஏற்கெனவே வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பே கிருமிக்கு வாசல். காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதையும் வைக்காதீர்கள். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாக டெட்டனஸ் தடுப்பு (டி.டி.) ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், போட்டுவிடுவார்கள்.

அங்கேதான் ஒரு மனத்தாங்கல் வரும். "இவ்வளவு பெரிய வெட்டு, ஒரு தையல்கூடப் போடாம அனுப்பிட்டாங்க!" அது அலட்சியம் இல்லைங்க. அழுக்கு ஏறிய காயத்தை உடனே மூடித் தைத்தால் உள்ளே சீழ் பிடிக்கும். செத்த சதையை வெட்டியெடுத்து, திறந்தபடியே கட்டுப்போட்டு, சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத் தைப்பதுதான் முறை. நம் ஆள்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்: வலி குறைந்ததும் அந்த இரண்டாவது தடவைக்குப் போவதில்லை.

காயம் ஆறிய பிறகும் ஒன்று பாக்கி. காயத்தோடு வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம்; வந்தால் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் தலைகாட்டும். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் இதைத் தடுக்கவே டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வீடுவீடாகக் கொடுத்தார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: "வெள்ளத் தண்ணியில நடந்தேன், கால்ல காயம் இருந்துச்சு."